தைப்பனிக் காலத்தில் சுடும் வெயில்: பிறந்தநாள் விழாவை மைதானத்தில் வைக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறோம். பெப்ரவரி நடுப்பகுதியில் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. வீட்டில் இடம் போதாது என்பதால் தோட்டத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை விழா வைத்து, வரும் 25 பிள்ளைகளுக்கும் மதியம் சோற்றுப் பார்சல் கொடுக்க எண்ணியிருந்தோம். வழக்கமாக இந்த மாதத்தில் பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. இந்த வருடமோ இரண்டு வாரமாக மழையுமில்லை, பனிமூட்டமுமில்லை. பகல் வெயில் சுடுகிறது. விழாவை மண்டபத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மண்டபம் வேண்டாம், சகோதரி. தகரக் கூரை போட்ட மண்டபம் இந்த வெயிலில் வெளியை விடப் புழுங்கும். பிள்ளைகளுக்கு ஓடவும் இடமிருக்காது. மைதானத்திலேயே வையுங்கள். ஆனால் 11 மணியையும் சோற்றுப் பார்சலையும் கைவிடுங்கள். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5.15க்குள் முடித்துவிடுங்கள்.

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பல வருடங்கள் நடந்து திரிந்தவன் நான். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்முடைய வீட்டுப் பழக்கங்கள் எல்லாம் அந்தப் பனியை வைத்தே உண்டானவை. விடியற்காலையில் சமைத்ததை இரவு வரை மூடி வைத்துச் சாப்பிடுகிறோம். பிள்ளை வெளியே கிளம்பினால் குல்லாவை மாட்டிவிடுகிறோம். வெயில் எறித்தால் போய் நின்று காய்கிறோம். பிள்ளை தண்ணீர் கேட்டால், சளி பிடிக்கும் என்று ஒரு வாயோடு நிறுத்துகிறோம். குளிரில் இவற்றின் கெடுதல் பெரிதாகத் தெரிவதில்லை. மேகமில்லாத, சுடுகிற பெப்ரவரியில் இவை ஒவ்வொன்றும் பிள்ளைகளைப் படுக்கையில் போடும்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் வெப்பம் 6 பாகைக்கு மேல் குறையும். அதே ஆயிரம் மீற்றருக்குத் தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் 10 முதல் 12 வீதம் வரை கூடும், ஏனென்றால் கதிரைத் தடுக்கும் காற்று மேலே போகப் போக மெலிகிறது. யாழ்ப்பாணத்தில் வெயில் சுடும்போது காற்றும் அனலாக அடிக்கும். பிள்ளை தானாகவே நிழலுக்கு ஓடிவிடும். நமது மலையில் காற்று குளிராக வீசிக்கொண்டிருக்கும்போதே வெயில் தன் வேலையைச் செய்துவிடும். இரவில்தான் கன்னமும் காதும் எரிகிறது என்று பிள்ளை அழும்.

எந்த நேரம் பாதுகாப்பானது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருந்தால் அது கடும் வெயில். பெப்ரவரி நடுவில் நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12.20 அளவில். காலை 9.40 முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் ஆளை விடக் குட்டையாகவே கிடக்கும். நீங்கள் குறித்த 11 முதல் 3 வரை என்பது முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 3 மணிக்குப் பின் நிழல் நீள நீள, வெயிலின் கடுமை குறைந்துகொண்டே வரும்.

அப்படியானால் 6 மணி வரை நடத்தலாமே என்று கேட்பீர்கள். கூடாது. பகலைச் சுட வைக்கும் அதே மேகமற்ற வானம்தான் இரவைக் குளிர வைக்கிறது. மேகம் ஒரு கம்பளி மாதிரி; அது இல்லாவிட்டால் தரை பகலில் வாங்கிய சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, மலைச்சரிவு வழியாகப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அம்பேவெலவிலும் நுவரெலியாவிலும் வெயில் கொளுத்திய நாளுக்கு மறுநாள் காலையில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகிக் கிடப்பது இதனால்தான். தோட்டத்து மைதானங்கள் பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கின்றன. வெயில் மலைக்குப் பின்னால் மறைந்த அரை மணி நேரத்தில் அங்கே கை விறைக்கும்.

முந்தின ஞாயிறு 3 மணிக்கு மைதானத்துக்கு ஒரு முறை போய் நில்லுங்கள். எந்த மூலையில் நிழல் முதலில் விழுகிறது, வெயில் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள். தறப்பாள் கட்டுவதானால் ஓர் ஆள் கையுயர்த்தி நிற்கும் உயரத்துக்கு மேல் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தாழ்வாகக் கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். மேற்குப் பக்கத்தை மட்டும் சற்றுத் தாழ்த்துங்கள். 4 மணி வெயில் அந்தப் பக்கமிருந்து சாய்வாக வரும். நிழல் தறப்பாளுக்கு நேர் கீழே விழாது, கிழக்கே தள்ளி விழும். பாயை அங்கேதான் விரிக்க வேண்டும்.

உடுப்பு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே மாதத்தில் ஒரு தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். ஏறத்தாழ ஐந்து வயதுப் பையன் ஒருவன் கயிற்றுக்கு வெளியே குந்தியிருந்தான். தலையில் கம்பளிக் குல்லா, உடம்பில் ஸ்வெட்டர், அதற்குமேல் ஒரு ஜாக்கெட். கன்னம் இரண்டும் தக்காளி மாதிரிச் சிவந்திருந்தன. "விளையாடவில்லையா?" என்று கேட்டேன், நிமிர்ந்து பார்த்தானே தவிரப் பேசவில்லை. ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றினால், உள்ளே பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போலிருந்தது. "காற்று குளிராக இருக்கிறதே ஐயா" என்றார் தாய். அவர் சொன்னதும் பொய்யில்லை. நிழலில் உட்கார வைத்து, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து ஓடினான்.

ஓடுகிற பிள்ளை ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். தலைவலி, குமட்டல், சிவந்த முகம் எல்லாம் சூடு ஏறியதன் அடையாளம். பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ உடம்பை நனைத்துக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்துப் பாதையில் அது ஏறி வரும் வரை காத்திருக்காமல் பிரதான வீதிக்குக் கொண்டுபோக, முச்சக்கர வண்டி ஒன்றை அன்று மைதானத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது நல்லது. அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்: மெல்லிய பருத்தி உடுப்பு, விளிம்புள்ள தொப்பி, ஸ்வெட்டர் பையில். கம்பளிக் குல்லாவுக்கு விளிம்பில்லை. அது சூட்டைத் தரும், நிழலைத் தராது.

இனிச் சோறு. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 25 பார்சலை மதியம் 1 மணிக்குக் கொடுக்க வேண்டுமானால் நீங்கள் விடியற்காலை 5 மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். 8 மணிக்குச் சோறு வெந்து, ஆவி பறக்கப் பறக்கக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்கி மூடிவிடுவீர்கள். அடுக்கின் நடுவில் இருக்கும் பார்சல் மணிக்கணக்கில் ஆறாது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். ஒரு விழாவுக்கு மறுநாள் நான் விசாரிக்கப் போனபோது எஞ்சிய பார்சல் ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. பிரித்தால் தாளின் உட்புறம் முழுக்க நீர் முத்து. பருப்பைக் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. சமைத்த அம்மா அழுதுகொண்டே, "எப்போதும் இப்படித்தானே ஐயா கட்டுவோம், ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லையே" என்றார். ஆனதில்லைதான். 14 பாகைக் குளிரில் கிருமி மெதுவாகத்தான் பெருகும். 27 பாகையில் அதற்கு அவகாசம் வேண்டியதில்லை.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிற்கும் வேனுக்குள் அந்தச் சூடு சுலபமாக ஏறிவிடும்.

"சோறு போடாமல் பிள்ளைகளை அனுப்புவதா, ஊர் என்ன சொல்லும்?" என்ற தயக்கம் உங்களுக்கு வரும். மதிக்க வேண்டிய தயக்கம் அது. ஆனால் 3 மணிக்கு வருகிற பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வரும். யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். 2.30க்கு அடுப்பிலிருந்து இறக்கிய கடலையைத் தாளித்து மூடிய சட்டியோடு கொண்டுவாருங்கள். வடையைச் சுடச்சுடப் போட்டுக்கொண்டு வரலாம். வாழைப்பழம், தோடம்பழம் தோலோடு இருக்கட்டும், அங்கேயே உரித்துக் கொடுங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பல், முட்டை மயோனைஸ் போட்ட சான்ட்விச் இரண்டும் வேண்டாம். பேக்கரியில் ரோல்ஸோ மாலு பணிஸோ வாங்குவதானால் காலையில் எடுத்து வைக்காமல், பிற்பகலில் போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

கேக்கில் கிரீம் வேண்டாம். பட்டர் ஐசிங்கில் பூவும் இலையும் வைத்தால் வெயில் படும் மேசையில் அரை மணி நேரத்தில் பூ சரிந்துவிடும், பிள்ளையின் முகமும் வாடிவிடும். சாதாரண பட்டர் கேக்கின் மேல் ஸ்ட்ரோபெரி அடுக்கிக் கொண்டுவாருங்கள். நுவரெலியாப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. 4.15க்கு வெட்டினால் வெயிலும் தணிந்திருக்கும், புகைப்படத்தில் யாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

தண்ணீரைக் கணக்குப் போட்டே எடுங்கள். விளையாட்டில் இருக்கும் பிள்ளை தாகத்தைச் சொல்லாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊதி, எல்லோருக்கும் அரைக் கோப்பை கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு முக்கால் லீற்றர் அளவில் போகும். 25 பேருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து 30 லீற்றர் வேண்டும். மழையில்லாத நாட்களில் பீலியில் (மலை ஊற்று நீர் விழும் இடத்தில்) நீர் மெலிந்து, அழுக்கு அதிகமாகக் கலக்கும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் முந்தின இரவே கொதிக்க வையுங்கள். கொதி எழும்பியபின் மூன்று நிமிடம் விட்டால் மலையின் எந்த உயரத்துக்கும் போதும். தேசிக்காய்ச் சாறு கரைப்பதும் இந்த நீரில்தான். வெளியில் செய்த ஐஸ் வாங்கிப் போடாதீர்கள்.

இனிப்பும் சுடுவெயிலும் சேர்ந்தால் வரக்கூடிய இன்னொரு விருந்தாளி குளவி. கொழுந்தெடுக்கப் போய்க் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போனவர்களை அறியாத தோட்டம் மலையகத்தில் இல்லை. முந்தின நாள் பகலிலேயே மைதானத்தைச் சுற்றியுள்ள மரங்களை அண்ணாந்து பாருங்கள். தோட்டத்துக் காவல்காரரையும் அந்த மலையில் கொழுந்தெடுக்கிற அக்காமாரையும் கேளுங்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கூடு இருந்தால் கலைக்க முயலாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். பட்டாசும் வேண்டாம், புகையும் வேண்டாம். சோடாப் போத்தலைத் திறந்தபடி வைக்காதீர்கள். உள்ளே இறங்கிய குளவி பிள்ளையின் தொண்டையில் கொட்டினால் மூச்சே அடைபடும். மூடியுள்ள கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். குளவிகள் கூட்டமாகக் கலைந்து வந்தால் கையை வீசாமல், தலையை மூடிக்கொண்டு, கதவுள்ள கட்டடத்துக்குள் ஓட வேண்டும். பிள்ளைக் காம்பிராவோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கோயிலோ, அப்படி ஓடி நுழைய ஓரிடத்தை முன்கூட்டியே திறந்து வைக்கச் சொல்லுங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

பலூனைப் பற்றியும் ஒரு சொல். வெயிலில் கட்டினால் உள்ளே காற்று விரிந்து படபடவென வெடிக்கும். வெளிர் நிறத்தில், முக்கால் பங்கு மட்டும் ஊதி நிழலில் கட்டுங்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்குவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். சின்னத் தம்பி தங்கைகள் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையை அடைக்கும். நெருப்பு வைத்துப் பறக்கவிடும் காகித விளக்கு கட்டாயம் வேண்டாம். காய்ந்த மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும்.

இப்படிச் சுட்ட நாட்களில் பிற்பகல் இடி எழுவதும் உண்டு. மார்ச்சை நெருங்க நெருங்க அது கூடும். இடிச்சத்தம் கேட்டால், மழை வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே எல்லோரையும் கட்டடத்துக்குள் கூட்டிச் செல்லுங்கள். தறப்பாளும் மரத்தடியும் மின்னலுக்கு அடைக்கலமல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்தான் வெளியே வரலாம்.

5 மணிக்கு ஓட்ட விளையாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் பாயில் உட்கார வையுங்கள். வியர்த்த பனியனோடு பிள்ளைக்கு ஸ்வெட்டரை மாட்டினால் அந்த ஈரமே குளிரை உடம்புக்குள் இறக்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் காய்ந்த பனியன் ஒன்று வைத்து அனுப்பும்படி தாய்மாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். துடைத்து, பனியனை மாற்றி, ஸ்வெட்டரையும் அந்தக் குல்லாவையும் அப்போது மாட்டுங்கள். குறுக்குப் பாதையில் ஏறிப் போகிற மேல் லயத்துப் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். அவர்கள் வீடு சேரும்போது வெளிச்சம் இருக்க வேண்டும்.