உழவும் கொக்கும் மண்புழுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ரோட்டாவேட்டர் ஓட்டும்போது நாற்பது, ஐம்பது கொக்குகள் பின்னாலேயே வந்து மண்புழுக்களைத் தின்றுவிடுகின்றன. எப்படி விரட்டுவது? (வாழப்பாடி)

விரட்ட வேண்டாம். வண்டியின் பின்னால் வரும் உண்ணிக்கொக்கு முதன்மையாகத் தேடுவது வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, புழுக்கூடு ஆகியவற்றைத்தான். மண்புழு அதற்குக் கூடுதலாகக் கிடைக்கும் இரை. அந்த இரையை மேலே கொண்டுவந்து போடுவது உங்கள் இயந்திரம். மழைக்குப் பிந்தைய ஈர நாள்களில் புழுக்கள் மேல் அரை அடி மண்ணில்தான் இருக்கின்றன. ரோட்டாவேட்டரின் கத்திகள் சுழல்வதும் அதே ஆழத்தில்தான். வண்டி சென்ற தடத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள்: அறுபட்ட துண்டுகள் மண் ஒட்டிய நிலையில் நெளிந்துகொண்டிருக்கும். கொக்கு ஒன்றுகூட வராவிட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை வெயிலில் காய்ந்து சாகும், ஏனெனில் மண்புழு ஈரமான தோலின் வழியாகவே மூச்சு விடுகிறது. தப்பிய புழுக்களுக்கும் வளை சிதைந்துவிடுகிறது, உணவான சருகும் இல்லாமல் போகிறது. ஒரே பட்டத்திற்கு மூன்று, நான்கு முறை மண்ணை மாவாக அரைக்கும் இந்தப் பழக்கத்தை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். கோடையில் மேல்மண் காய்ந்து புழுக்கள் ஆழத்தில் சுருண்டு கிடக்கும்போது, ஐந்து கொத்துக் கலப்பையால் ஒரே முறை உழுங்கள். மரவள்ளி போன்ற பத்து மாதப் பயிருக்கு வரிசைகளின் இடையே தழையைப் பரப்பி மூடாக்கு இடுங்கள். சருகின் கீழ் இருக்கும் புழுவைக் கொக்கு எளிதில் எடுக்க இயலாது.

வெட்டுண்ட புழு இரண்டு புழுக்களாகும் என்பது உண்மையா? (ஆத்தூர்)

இல்லை. தலைப்பகுதி போதிய நீளமாக இருந்தால் சில வகைகளில் வால் வளரக்கூடும். வால் துண்டு பொதுவாகப் புழுவாகாது.

உரத்தொட்டிப் புழுக்களை மஞ்சள் வயலில் விட்டேன். ஒரு வாரத்தில் மைனாக்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. (ஆத்தூர்)

தொட்டியில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் புழு மட்கும் குப்பையில் வாழ்வது. வயல்மண்ணில் அது நிலைக்காது. மைனா தின்னாமல் விட்டிருந்தாலும் முடிவு இதுவேதான். வயலுக்குப் புழுவை அல்ல, தொட்டியில் கிடைக்கும் மண்புழு உரத்தைக் கொடுங்கள். நம் மண்ணுக்குரிய நாங்கூழ் (நாட்டு மண்புழு) தானே பெருகும்.

காப்பித் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிப் புழுவைத் தின்கிறது. முன்பைவிடப் புழுவும் குறைந்திருக்கிறது. (ஏற்காடு)

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி, பனிக்காலத்தில் இங்கு வந்து தங்கும் விருந்தாளி அது. அதன் மேல் பழி போடாதீர்கள். இலைத்துரு நோய்க்கு ஆண்டுதோறும் எத்தனை முறை போர்டோ கலவை தெளிக்கிறீர்கள் என்பதை எழுதவில்லையே! கலவையில் உள்ள தாமிரம் சிதையாது. இலையிலிருந்து மழையில் வழிந்து மேல்மண்ணில் ஆண்டாண்டாகச் சேர்கிறது, மண்புழுவுக்கு அது நஞ்சு. தேவையான அளவுக்கு மட்டும் தெளியுங்கள், மீந்த கலவையைச் செடியடியில் கொட்டாதீர்கள்.

என் நிலத்தில் புழுவே இல்லை. என்ன செய்யலாம்? (மேச்சேரி)

எந்த மாதம், என்ன பயிர், மண்ணில் ஈரம் இருந்ததா என எதுவும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஐப்பசியில் நல்ல மழை பெய்து இரண்டு, மூன்று வாரம் கழித்து, ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் நான்கைந்து இடங்களில் தோண்டி எண்ணிவிட்டு எழுதுங்கள். சித்திரையில் தோண்டிவிட்டுப் புழு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

குருணை மருந்து இட்ட மறுநாள் புழுக்கள் மேலே வந்து கிடந்தன. இரண்டு மைனாக்களும் செத்துக் கிடந்தன. தொடர்பு உண்டா? (ஓமலூர்)

உண்டு. கார்போபியூரான் போன்ற பூச்சிக்கொல்லிக் குருணைகள் புழுவைத் துடிக்கவைத்து மேலே வரச் செய்கின்றன, அந்தப் புழுவைத் தின்ற பறவையும் சாகிறது. போரேட் குருணை 2020 முடிவிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய சரக்கு யாரிடம் இருந்தாலும் வாங்காதீர்கள். நீங்கள் இட்ட மருந்தின் பெயரையும் எழுதவில்லை. பையில் உள்ள பெயரைப் பார்த்து உடனே எழுதுங்கள். அதுவரை செத்த பறவைகளைக் கையுறை அணிந்து ஆழமாகப் புதையுங்கள், கோழிகளை அந்த வயலில் விடாதீர்கள்.