மேக்ரோ லென்ஸை இஎம்ஐ-யில் வாங்கலாமா?

கேள்வி: பூச்சிகளைப் படமெடுப்பதில் ஆர்வம் உண்டு. டிஎஸ்எல்ஆர் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 60,000 ரூபாய். மாதம் 5,000 வீதம் 12 மாத 'நோ காஸ்ட்' (வட்டியில்லா) இஎம்ஐ-யில் கிரெடிட் கார்டில் வாங்க நினைக்கிறேன். நகைகளைப் படமெடுத்துத் தந்தால் லென்ஸ் காசு வந்துவிடும் என்கிறார் நண்பர். கார்டில் ஏற்கெனவே 40,000 பாக்கி. வட்டி மாதம் 3.5%. மாதம் 2,000 கட்டுகிறேன். வாங்கலாமா?

பதில்: லென்ஸ் வாங்குங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் அந்தப் பாக்கியைப் பார்ப்போம். 40,000-க்கு ஒரு மாத வட்டி 1,400, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 252. ஆக, நீங்கள் கட்டும் 2,000-ல் 1,652 அப்படியே போய்விடுகிறது. கடனில் குறைவது வெறும் 348 ரூபாய். இதன்மேல் இன்னொரு 60,000-ஐ ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'நோ காஸ்ட்' என்றாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டி-யும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

லென்ஸுக்கென்று ஒதுக்க நினைத்த 5,000-ஐயும் சேர்த்து மாதம் 7,000 கார்டுக்குக் கட்டுங்கள். புதிதாக எதையும் தேய்க்காமல் இருந்தால் 7 மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும்.

அதுவரை படம் எடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் டியூப் என்று ஒன்று உண்டு. உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது. உங்கள் 50 மி.மீ. லென்ஸில் 36, 12 மி.மீ. வளையங்கள் இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஏறக்குறைய 1:1 வந்துவிடும். அதாவது, 1 செ.மீ. எறும்பு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 1 செ.மீ. அளவில் விழும். மின் இணைப்புள்ள செட் சில ஆயிரம் ரூபாய்தான். அந்த இணைப்பு இல்லாத மலிவு வளையம் வேண்டாம், பல கேமராக்களில் அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியாது.

குறை என்னவென்றால், பூச்சிக்குச் சில செ.மீ. நெருக்கத்தில் போயாக வேண்டும், பறந்துவிடும். 100 மி.மீ. லென்ஸில் 14 செ.மீ. அளவுக்காவது இடைவெளி கிடைக்கும். அதற்குத்தான் அந்த விலை. ஆனால் விடியற்காலையில், சிறகில் பனி ஒட்டியிருக்கும் நேரத்தில், தட்டான்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். நகை எங்கும் ஓடப்போவதில்லை, அதற்கும் இந்த வளையமே போதும். நண்பர் சொல்லும் வேலை நிஜமாகவே வருகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கடன் தீர்ந்த மாதமே அந்த 7,000-ஐ வங்கி ஆர்.டி.யில் போடுங்கள். 6 மாதத்தில் 42,000 சேரும். டிஎஸ்எல்ஆருக்கான பழைய 90, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் அந்தத் தொகைக்குள் கிடைக்கும். வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.