சிறையில் இருப்பவர்களோடு வேலை செய்ய விரும்பும் மகள்

அக்கா, நேற்று மகளின் மேற்படிப்பைப் பற்றி எல்லாம் பேசி முடித்து எழும்பிய பிறகு, மகள் செருப்புப் போட வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள், "கள்ளனையும் கொலைகாரனையும் பற்றிப் படிக்கவா ஒரு பொம்பிளைப் பிள்ளை கம்பஸ் போக வேணும்?" என்று. வாசலில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? உப்புவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இதையே கேட்கிற பெற்றோர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கள்ளனைப் பிடிப்பது பொலிஸின் வேலை. பிடிபட்ட பிறகு, இவன் ஏன் இதைச் செய்தான், திரும்பவும் செய்யாமல் இருக்க என்ன வழி என்று பார்க்கிற இடத்தில்தான் உங்கள் மகள் படிக்க விரும்பும் உளவியல் வருகிறது. 1876 இல் லொம்புரோசோ என்ற இத்தாலிய வைத்தியர், குற்றவாளிகள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறார்கள், தாடையிலும் காதிலும் அது தெரியும் என்று எழுதினார். அது பிழை என்று நிரூபித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நாம்தான் இன்னும் "முழியைப் பார்த்தாலே தெரியுது" என்கிறோம். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73 இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வளர வளரப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதில் வேலை செய்த டெரி மொஃபிட் 1993 இல் எழுதியது என்னவென்றால், சின்ன வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கக் குற்றத்தில் இருப்பவர்கள் சிறு தொகைதான், பதின்ம வயதில் வழி தவறுகிற பெரும்பாலான பையன்கள் வளர்ந்ததும் அதை விட்டுவிடுகிறார்கள் என்பது. அப்படியென்றால் அந்த வயதில் பிடிபட்ட பையனை யாரோடு வைக்கிறோம், யார் அவனோடு பேசுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தகப்பன் தன் மகனுக்குத் தொழிற்பயிற்சி கேட்டு என்னிடம் வந்தார். பையன் கரையில் கிடந்த போட்டிலிருந்து என்ஜினைக் கழற்றி விற்று, பிடிபட்டு, நீதிமன்றம் போய் வந்தவன். ஏன் தம்பி என்று கேட்டேன். "அவரிட்ட நாலு என்ஜின் இருக்கு சேர், ஒண்டு போனா அவருக்கென்ன" என்றான், என் முகத்தைப் பார்த்தபடியே. எனக்குக் கோபம் வந்தது. தகப்பன் கையையே ஓங்கிவிட்டார். பிறகு வாசிக்கும்போதுதான் அந்த வசனம் என்னவென்று எனக்கு விளங்கியது. 1957 இல் சைக்ஸ், மட்சா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதியிருந்தார்கள்: பிழை செய்கிற பிள்ளைகளில் பலருக்கு அது பிழை என்று தெரியும், தெரிந்தபடியால்தான் மனச்சாட்சியை அடக்க ஒரு வசனம் தேவைப்படுகிறது. யாருக்கும் நட்டமில்லை, அவனுக்கு அது வேணும், கூட்டாளிகளுக்காகத்தான் செய்தேன், இப்படி ஏதோ ஒன்று.

சிகிச்சை அந்த வசனத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்த இரவை மணித்தியாலம் மணித்தியாலமாக எழுத வைப்பார்கள். ஏழு மணிக்கு யாரோடு இருந்தாய், யார் முதலில் கதையை எடுத்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, வீட்டுக்குப் போகிறேன் என்று நீ எழும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும், விடியக் கரைக்கு வந்த என்ஜின்காரர் என்ன செய்திருப்பார், அன்று அவரோடு கடலுக்குப் போக இருந்தவர்களுக்குக் கூலி கிடைத்திருக்குமா. ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை இது, வாரக்கணக்கில் போகும். சிலர் இடையில் வராமல் நின்றுவிடுவார்கள். இதைக் குற்றத்தை மன்னித்து விடுவதாக நினைக்க வேண்டாம் அக்கா, தண்டனை அதன்பாட்டுக்கு இருக்கிறது.

இதனால் பலன் உண்டா என்றும் கேட்பீர்கள். 1974 இல் மார்ட்டின்சன் என்பவர் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையை வாசித்த பலர், குற்றவாளிகளைத் திருத்த எதுவுமே உதவாது என்று முடிவுகட்டினார்கள். 1990 இல் கனடாவின் அன்ட்ரூஸும் பொன்டாவும் சகாக்களும் அதற்கு நல்ல பதில் சொன்னார்கள். திரும்பவும் குற்றம் செய்யும் ஆபத்து கூடியவர்களுக்குத்தான் கூடிய சிகிச்சை கொடுக்க வேண்டும், அவர்களைக் குற்றத்துக்கு இழுக்கிற, ஆனால் மாற்றக்கூடிய விஷயங்களில் கை வைக்க வேண்டும், அவரவருக்கு விளங்குகிற விதத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தித் திருத்தப் பார்த்த அமெரிக்கத் திட்டங்களால் குற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தக் கனடாக்காரர் சொன்ன மூன்றாவது விஷயத்தில், அவரவருக்கு விளங்குகிற விதத்தில் கொடுப்பதில்தான், உங்கள் மகளை நினைத்தேன். அந்தப் பையனால் "அவருக்கென்ன" என்பதை அவனுடைய தமிழில்தான் சொல்ல முடியும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து ஒருவன் தன் வெட்கத்தைப் பேசுவானா?

சரி, படிப்புக்கு வருவோம். கலைப் பிரிவில் படிக்கிற பிள்ளைக்குப் பேராதனையில் உளவியல் இருக்கிறது, ஸ்ரீ ஜயவர்தனபுரவில் குற்றவியல் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் உண்டு. எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள், இதில் ஏமாந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சை உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் பட்டம் மட்டும் போதாது, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதுதத்துவமாணி (எம்.பில்.) படிப்பு மாதிரி ஒன்று வேண்டும், பிறகு மருத்துவ சபையில் பதிவு. நீண்ட பாதைதான். அவ்வளவு தூரம் போகாமலும் இந்தத் துறையில் வேலை செய்யலாம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாணத்துக்குரியவை, கிழக்கு மாகாணத்தின் தலைநகர் நம் திருகோணமலைதான். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களைப் பார்ப்பதற்கு ஒரு திணைக்களம் இருக்கிறது. சிறைச்சாலைகளில் நலன்புரி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வர்த்தமானி அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதே சிங்களம் படிக்கத் தொடங்கட்டும், அது இல்லாமல் கோப்பு எழுதவே கஷ்டம்.

உங்கள் பயம் வீண் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற கதைகள் பாரமானவை, வீட்டுக்கும் கூடவே வரும், கலியாணம் பேசும்போது உத்தியோகம் என்னவென்று கேட்டால் விளங்கப்படுத்தவும் வேண்டியிருக்கும். தொடர் நாடகத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற பெண்ணைப் பார்த்து ஆசை வந்திருந்தால் இரண்டாம் வருஷத்திலேயே அலுத்துவிடும். மகளுக்கு வந்தது அந்த ஆசையா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அதனால் வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு அவளைத் திரும்பக் கூட்டி வாருங்கள். அந்த என்ஜின் கதையை அவளுக்குச் சொல்லி, அவனிடம் நீ முதலில் என்ன கேட்பாய் என்று கேட்கப் போகிறேன். நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.