படிக்கட்டுக்கு அடியில் ஒரு டிரம் செட்: ஜான் பான்ஹம் கேள்வி பதில்

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இருபது வருஷமாக மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவன் நான். பான்ஹம் பைத்தியம் அதற்கும் முந்தையது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு ராக் இசை அவ்வளவாகப் பழக்கமில்லை. இவர் யார் சார்?

1948 மே 31 அன்று இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தவர். ஐந்து வயதில் டப்பா, காப்பி டின் என்று கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டிருந்த பையனுக்கு, பத்து வயதில் அம்மா ஒரு ஸ்நேர் டிரம் (சுளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) வாங்கிக் கொடுத்தார். முழு செட் கைக்கு வந்தது 15 வயதில்தான். குரு என்று யாரும் இல்லை. அப்பாவிடம் தச்சு வேலை பழகியபடியே சின்னக் குழுக்களில் வாசித்தார். 1968-ல் கிடார் ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் பிளாண்ட், பேஸ் கிடார் ஜான் பால் ஜோன்ஸ் ஆகியோருடன் லெட் செப்பலினில் சேர்ந்தார். அப்புறம் பன்னிரண்டு வருஷம். அவ்வளவுதான் கிடைத்தது.

கேள்வி: சத்தமாக அடித்தார், அதனால் பெயர் வந்தது. இதைத் தாண்டி என்ன இருக்கிறது அண்ணே?

சத்தமாக அடித்தார் என்பது உண்மைதான். ஆனால் 1979-ல் வந்த 'ஃபூல் இன் த ரெயின்' பாட்டைக் கேட்டுவிட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். அதில் பெரிய ஸ்நேர் அடிகளுக்கு நடுவே, குச்சி தோலைத் தொட்டும் தொடாததுமாகச் சின்னச் சின்ன அடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். காதில் தனியாக விழாது. எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். இந்த நடை பெர்னார்ட் பர்டி என்ற அமெரிக்க டிரம்மரின் வழியில் வந்தது. பான்ஹம் அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ, 1982-ல் வந்த 'ரோசானா' பாட்டுக்கு இந்த இரண்டு பேரிடமிருந்தும் எடுத்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். சத்தம் போடுகிறவரிடம் போய் இதையெல்லாம் யாரும் கற்க மாட்டார்கள்.

கேள்வி: 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில் ஒரு பெடலா, இரண்டு பெடலா? ஒரு காலால் அது முடியாது என்று என் நண்பன் பந்தயம் கட்டியிருக்கிறான்.

பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு கால், ஒரு பெடல் (தரையில் நிற்கும் பெரிய பேஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி). முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு அது. 1969 ஜனவரியில் வெளிவந்தது. 'தகிட தகிட' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதில் 'த'வை விட்டுவிட்டு 'கிட', 'கிட' மட்டும் வலது கால். அடுத்தடுத்து இரண்டு முறை. நான் இதைப் பழக ஆறு மாதம் எடுத்தேன். இன்றும் பாட்டு முடிவதற்குள் கணுக்கால் கெஞ்சும். வேகத்தை மறந்துவிட்டு, பாதி வேகத்தில் இரண்டு அடிகளும் ஒரே கனத்தில் விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது அடி செத்துப்போவதுதான் எல்லோருக்கும் வரும் கோளாறு.

கேள்வி: 'வென் த லெவி பிரேக்ஸ்' டிரம்ஸ் சத்தம் எப்படி வந்தது? ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலையா?

1971 ஆல்பத்துக்கு ஏது கம்ப்யூட்டர்! ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய மாளிகை. 1795-ல் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. அதன் வாசல் கூடத்தில், உயரமான படிக்கட்டுக்கு அடியில் டிரம் செட்டை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல் மாடியிலிருந்து இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்முக்கு அருகில் மைக் கிடையாது. பதிவான சத்தத்தை, பெரிய அடியும் சின்ன அடியும் ஒரே அளவுக்கு நெருங்கும்படி அழுத்தி, பின்சன் எதிரொலிக் கருவி வழியாக அனுப்பினார். நீங்கள் கேட்பது டிரம்ஸ் மட்டுமில்லை, அந்தக் கூடத்தையும் சேர்த்துத்தான்.

ஆனால் எல்லோரும் கூடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கூடத்தில் அவசரக்காரர் ஒருவரை உட்கார வைத்திருந்தால் எதிரொலி ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பாகியிருக்கும். பான்ஹம் ஒவ்வொரு அடியும் சுவரில் பட்டுத் திரும்பி வர இடம் விட்டு வாசித்தார். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிய பழைய புளூஸ் பாட்டு அது. அந்த நடையில் வெள்ளம் ஏறுவது மாதிரியே இருக்கும். 1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப் ஹாப் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் இந்த அடியை அப்படியே வெட்டி எடுத்துப் போட்டார்கள். ஹிப் ஹாப்காரர்கள் பலர் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

கேள்வி: 'ராக் அண்ட் ரோல்' ஆரம்ப டிரம்ஸை எப்படி எண்ணினாலும் கிடார் வரும்போது உதைக்கிறது. ஏன்?

முதல் அடியை 'ஒன்று' என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அதனால். எடுப்பு (ஆரம்பிக்கும் இடம்) சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், இல்லை. நான்கு எண்ணிக்கையில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எடுக்கிறார். மூன்றைச் சொல்லி, அரை விட்டு ஆரம்பியுங்கள்; கிடார் சரியாக வந்து உட்காரும். இந்த ஆரம்பத்துக்கு மூலம், பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 1957 பாட்டு 'கீப் எ நாக்கின்'. அதில் டிரம்மர் சார்லஸ் கானர் வாசித்த ஆரம்பத்தை பான்ஹம் அடிப்படையாக வைத்துக்கொண்டார்.

கேள்வி: நான் மிருதங்கம் பயில்கிறேன். 'காஷ்மீர்' பாட்டில் தாளம் மூன்றா நான்கா?

உங்களுக்கு இது சுலபம். கிடார் மும்மூன்றாகப் போகிறது, டிரம்ஸ் நான்கிலேயே நிற்கிறது, பன்னிரண்டில் சந்திப்பு. இதில் பான்ஹம் செய்த பெரிய காரியம், எதுவும் செய்யாமல் இருந்தது. கிடாரோடு ஒட்டிப் போகிற ஆசை எந்த டிரம்மருக்கும் வரும். அவர் அசையவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். 'மோபி டிக்' தனியாவர்த்தனத்தில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையால் வாசிப்பார். 1970 ஜனவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தது படமாகவே இருக்கிறது. சில மேடைகளில் இது அரை மணி நேரம்கூட நீண்டிருக்கிறது. கொஞ்சம் அதிகம் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: அவர் மாதிரி சத்தம் வர என்ன செட் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் பேஸ் டிரம்முக்குள் சத்தத்தை அடக்க வைத்திருக்கும் தலையணையை எடுங்கள். அவருடையது லுட்விக் செட், 26 அங்குல பேஸ் டிரம், உலோக ஸ்நேர். தோலை இறுக்கமாகவே கட்டி, முழங்க விடுவார். ஒருமுறை வாடகைக்கு வந்த செட்டின் வயிற்றிலிருந்து நான் ஒரு ஜமுக்காளத்தையே உருவியிருக்கிறேன்.

கேள்வி: மரணம் எப்படி நடந்தது?

குடி. 1980 செப்டம்பர் 24 அன்று ஒத்திகைக்குப் போகும் வழியில் காலையிலேயே ஆரம்பித்து, நாள் முழுக்க வோட்கா. ஜிம்மி பேஜ் வீட்டில் தூங்கப் போனவர், தூக்கத்திலேயே வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்து இறந்துபோனார். மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். வயது 32. டிசம்பர் 4 அன்று, இனி முன்போல் தொடர முடியாது என்று குழு அறிவித்துவிட்டது. 2007 டிசம்பரில் லண்டனில் மீதி மூவரும் ஒரே ஒரு இரவு கூடியபோது அந்த இடத்தில் உட்கார்ந்தவர் மகன் ஜேசன். அப்பா போனபோது அவருக்கு 14 வயது.

கேள்வி: 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' கேட்கும்போது கீச் கீச் என்று ஒரு சத்தம் வருகிறது. புது ஹெட்போன். திருப்பிக் கொடுக்கலாமா?

வேண்டாம். அது பான்ஹமுடைய பெடல். ஸ்பீட் கிங் என்ற மாடல். எண்ணெய் போடாமலேயே பதிவு செய்துவிட்டார்கள். ஹெட்போன் நல்ல ஹெட்போன், வைத்துக்கொள்ளுங்கள்.