அருங்காட்சியக மேலாண்மை படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். அருங்காட்சியகம், ஓவியக்கூடம் போன்றவற்றை நிர்வகிப்பது பற்றி மேலே படிக்க ஆசை. "சிலையைத் துடைத்து வைக்க ரெண்டு வருஷப் படிப்பா?" என்று அப்பா கேட்கிறார். கலை ரசனை இருந்தால் போதுமே என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

படியுங்கள். ரசனை வேண்டும்தான், ஆனால் ரசனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன சோழர் கால நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். (வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022-இல் அவருக்குத் தண்டனை கொடுத்தது உங்கள் கும்பகோணம் நீதிமன்றம்தான்.) தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டு சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாக, விற்ற தரப்பு காகிதங்கள் காட்டியது. அதே நடராஜர் 1994-இல் அதே கோயிலில் நிற்கும் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது! 2014-இல் சிலை திரும்பி வந்தது. அந்தக் கலைக்கூடத்தில் ரசனைக்கா பஞ்சம்? ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கடைசிவரை துருவிப் பார்ப்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

உள்ளே இருப்பதைக் காப்பதும் அப்படித்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2000 பொருட்கள் காணாமலோ சேதமாகியோ போனது 2023-இல் வெளியே வந்தது. அவற்றில் பல, பட்டியலில் முறையாக ஏறாதவை. பதிவேட்டில் இல்லாத பொருள் காணாமல் போனால், போனதே யாருக்கும் தெரியாது. இயக்குநர் பதவி விலகினார்.

ஆகவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அது துடைக்கிற படிப்பு இல்லை, பொறுப்பேற்கிற படிப்பு. கண்காட்சிக்கு இரவலாக ஓர் ஓவியம் வருகிறது என்று வையுங்கள். பெட்டியை உடனே திறக்க மாட்டார்கள். புது இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகட்டும் என்று 24 மணி நேரமாவது விடுவார்கள். திறந்ததும் எந்த மூலையில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, சட்டத்தில் எங்கே கீறல் என்று படம் எடுத்து எழுதி, கொண்டுவந்தவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். காப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒரு தாளை நம்பித்தான். இதையெல்லாம் யாராவது கூட இருந்து கற்றுத்தர வேண்டும்.

எங்கே படிப்பது? பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது, கல்கத்தாவிலும் உண்டு. வெளிநாடு என்றால் இங்கிலாந்தின் லெஸ்டர் பழம்பெரும் இடம். செலவு அதிகம், கடன் வாங்கிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் வேலைதான் குறி என்றால், டிஎன்பிஎஸ்சி பழைய அறிவிப்புகளில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எந்த இடமானாலும், கட்டணம் கட்டும் முன் அங்கே படித்த ஒருவரைப் பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: சேமிப்பறையில் பதிவேட்டோடு எத்தனை வாரம் வேலை பார்த்தீர்கள்? ஒரு வாரம்கூட இல்லை என்றால், அந்த இடம் வேண்டாம்.