மனித இனம் அழிந்துவிடுமா என்று மகள் கேட்டால்

கேள்வி: கடலூரில் பெண்ணையாற்றங்கரையை ஒட்டி வசிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், உலகம் அழியப்போகிறது என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இரவில் தூங்காமல் விழித்திருக்கிறாள். 2024 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாளிலிருந்து இந்த அச்சம் அதிகமாகிவிட்டது. "அணு ஆயுதப் போரோ, புது நோயோ, விண்கல்லோ, செயற்கை நுண்ணறிவோ எல்லோரையும் முடித்துவிடும் என்றால் நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறாள். மனித இனம் தப்பிக்குமா? அவளுக்கு நான் என்ன சொல்வது? வீட்டளவில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் மகளின் கேள்வியைச் சிறுபிள்ளைப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் எழுதிக் கேட்டதற்கு முதலில் நன்றி. புதுச்சேரி, கடலூர்க் கடலோர ஊர்களில் இருபது ஆண்டுகளாகப் பேரிடர் ஆயத்தப் பயிற்சி அளித்து வரும் எனக்கு, மாணவர்களிடமிருந்து அதிகமாக வரும் கேள்வியும் இதுதான். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் வாழ்நாளில் மனித இனம் முழுவதும் அழிந்துபோவது மிகவும் அரிதான ஒன்று. ஆனால் நடக்கவே நடக்காது என்று நேர்மையான எந்த நிபுணரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார். அந்தச் சிறிய ஆபத்திலும் பெரும்பகுதி மனிதர்களே உண்டாக்கியது என்பதால், அதைக் குறைப்பதும் மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.

காணொளிகள் இரண்டு வேறு செய்திகளை ஒன்றாக்கிக் குழப்புகின்றன. கோடிக்கணக்கானோர் இறப்பது வேறு, ஒருவர்கூட மிஞ்சாமல் போவது வேறு. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் பரவிய கொள்ளைநோய் அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கையாவது கொன்றது. 1918இல் வந்த இன்ஃபுளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்தத் துயரங்களின் அளவை எந்தச் சொல்லாலும் குறைக்க முடியாது. ஆயினும் அவற்றுக்குப் பிறகும் ஊர்கள் இருந்தன, விதைநெல் இருந்தது, பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் பெரியவர்கள் இருந்தார்கள். 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்ட மனித இனம், மலையிலும் பாலைவனத்திலும் தீவுகளிலும் பனிநிலத்திலும் பரவி வாழ்கிறது. இவ்வளவு பரவிய ஓர் இனத்தை ஒன்றும் மிச்சமில்லாமல் துடைப்பது எளிதன்று.

அதே சமயம், எளிதன்று என்பதால் நடக்கவே நடக்காது என்று ஆகிவிடாது. இதற்கான சாட்சி புதுச்சேரிக்கு அருகிலேயே இருக்கிறது. வழுதாவூரைச் சுற்றியுள்ள நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அந்தப் பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வழுதாவூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1840களிலேயே அங்கிருந்து திரட்டப்பட்ட புதைபடிவங்களில் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் ஓடுகளும் இருந்தன. வகுப்பில் நான் ஒரு ஓட்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்க்கச் சொல்வேன். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்டு, வரிவரியாகப் புடைத்து, உள்ளங்கையில் எதிர்பாராத கனத்துடன் உட்காரும். இந்த இனங்கள் 30 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலை நிறைத்து வாழ்ந்தவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோவின் கரையில் மோதியபோது, டைனோசர்களோடு இவையும் மறைந்தன.

அம்மோனைட்டுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: வருவதை முன்கூட்டியே காண்பதற்கான கருவி. பூமிக்கு அருகே வரக்கூடிய விண்கற்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ளவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமானவை ஏற்கெனவே கண்டறியப்பட்டுப் பாதையும் கணிக்கப்பட்டுவிட்டது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்போஸ் என்ற சிறு விண்கல்லின் மீது வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்க்கல்லைச் சுற்றிவரும் நேரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. வானத்துப் பொருள் ஒன்றின் போக்கை மனிதர் திட்டமிட்டு மாற்றியது அதுவே முதல் முறை. அபோபிஸ் என்ற விண்கல் 2029 ஏப்ரல் 13 அன்று தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களை விடவும் நெருக்கமாக, சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோகும். அந்த நாளை வைத்து நிறையப் பீதி கிளப்பப்படும். அது பூமியில் மோதாது என்று இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

எரிமலையைப் பற்றியும் ஒரு சொல். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியா வரை வந்து படிந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன, மேலேயும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பெரிய வெடிப்புக்குப் பிறகும் அங்கே யாரோ கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள், அதாவது 3,000 நூற்றாண்டுகள். இயற்கையால் முற்றிலும் அழியும் வாய்ப்பு நூற்றாண்டுக்கு நூற்றில் ஒன்று என்று இருந்திருந்தால்கூட, நாம் இன்று வரை வந்து சேர்ந்திருக்க முடியாது.

ஆகவே உண்மையான கவலை இயற்கையைப் பற்றியதன்று. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தத்துவ அறிஞர் டோபி ஓர்ட், மனித இனத்தின் எதிர்காலமே அழியக்கூடிய பேரழிவுக்கு இந்த நூற்றாண்டில் ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு என்றும், இயற்கையால் அது நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றே என்றும் 2020இல் கணித்தார். இது அளந்து பெற்ற எண் அன்று, ஒருவரின் மதிப்பீடு. ஆறில் ஒன்று என்பது மிகையாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால், நாம் செய்துவைத்தவையே பெரிய ஆபத்து என்ற அவருடைய ஒப்பீடு சரி என்றே கருதுகிறேன்.

அணு ஆயுதங்களை எடுத்துக்கொள்வோம். 1986இல் உலகில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 12,000. குறைத்துக் காட்டியிருக்கிறோம் என்பது ஆறுதல், மிச்சமிருப்பதே போதும் என்பது அச்சம். அமெரிக்காவும் ரஷ்யாவும் முழுப் போரில் இறங்கினால், எரியும் நகரங்களின் கரிப்புகை வெயிலை மறைத்து, விளைச்சல் பொய்த்து, 500 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டினியால் இறக்கக்கூடும் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்போதும் மனித இனம் முற்றாக அழியும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டில் ஆறுதல் தேடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

டார்ட் மோதிய அதே செப்டம்பர் 26ஆம் தேதியில், 1983இல், சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவின் முன்னால் இருந்த கணினி அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகக் காட்டியது. உண்மையான தாக்குதல் வெறும் ஐந்தோடு தொடங்காது என்று எண்ணி, அதைப் பொய்யான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. கடலோரத்தில் எச்சரிக்கை கேட்டதும் ஓடு என்று கற்பிக்கும் எனக்கு, எச்சரிக்கை கேட்டதும் நிதானித்தவரால் உலகம் காக்கப்பட்டது என்பது பெரிய பாடம். எந்த ஆபத்துக்கு எது பொருந்தும் என்பதை அமைதிக் காலத்திலேயே முடிவுசெய்து வைக்க வேண்டும்.

நோய்க்கிருமிகளில் நம்பிக்கை தரும் வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பனிப்போரில் எதிரெதிரே நின்ற நாடுகளும் அந்த வேலையில் சேர்ந்தே உழைத்தன. கவலை என்னவென்றால், கிருமியின் மரபணுவை ஆய்வகத்தில் மாற்றியமைக்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிறது. செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, 2024இல் நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் உட்பட அத்துறையின் முன்னோடிகள் பலர், அதனால் வரக்கூடிய அழிவின் ஆபத்தைக் கொள்ளைநோய், அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்கு இணையாகக் கருத வேண்டும் என்று 2023இல் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு நிகரான வேறு சிலர் இதை மறுக்கிறார்கள். அனுபவத்தால் தீர்த்துச் சொல்ல முடியாத ஆபத்து இது என்பதாலேயே, முன்கூட்டிய சோதனைகளும் சட்டங்களும் தேவை என்பது என் கருத்து.

பருவநிலை மாற்றம் மனித இனத்தை அழிக்கும் என்று அறிவியல் சொல்லவில்லை. ஆனால் கடலூருக்கு மிக நெருங்கிய ஆபத்து அதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்த பிறகு பண்ருட்டிப் பக்கம் போயிருந்தேன். வேரோடு சாய்ந்த பலாமரத்தின் குழிக்குள்ளேயே ஒரு பெரியவர் கன்று நட்டுக்கொண்டிருந்தார். மண் புதிதாகப் புரண்டிருக்கிறது, குழி தோண்டும் கூலி மிச்சம் என்றார். அது காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையாறு உங்கள் வீட்டுக்குள் வந்ததையும் நீங்களே கண்டீர்கள்.

சரி, எது காப்பாற்றுகிறது? ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறந்தோர் சில பத்துப் பேர்தான். வானிலைக் கணிப்பு, பாதுகாப்பு மையங்கள், சொன்னால் கிளம்பும் மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரணம்.

இன்னும் நெருக்கமான சான்று நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வரச் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரம் யாருக்கும் பயன்படாமல் கரைந்ததால் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரை இழந்தோம். புதுச்சேரியின் நல்லவாட்டில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மீனவர்களுக்கு அலையின் உயரத்தை அன்றாடம் அறிவிப்பதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,600க்கும் மேற்பட்ட அந்த மக்கள் உயிர் தப்பினார்கள்.

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை உங்கள் மகள் செய்திகளில் கேட்டிருப்பாள். எண்கள் 1 முதல் 11 வரை. எண் கூடினால் புயலின் வலிமை கூடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கடைசி எண்ணான 11, காற்றின் வேகத்தைக் குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். துறைமுகத்துக்காரர்கள் அதை எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில் வைத்திருக்கிறார்கள். மனித இனம் பிழைக்குமா என்ற கேள்விக்கு நான் தரும் பதிலும் அந்தக் கூண்டில்தான் இருக்கிறது. அறிந்தவர்களுக்கும் ஆபத்தில் இருப்பவர்களுக்கும் இடையே தொடர்பும் நம்பிக்கையும் இருக்கும் வரை நமக்கு வழி உண்டு.

எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அதிர்வை அளந்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர், ஊர்ப் பேச்சில் அறிவித்தவர் ஆகிய மூவரில் ஒருவர் குறைந்தாலும் நல்லவாடு தப்பியிருக்காது. இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதில் நிலவியலும் கணிதமும் கணினியும் படித்தவர்கள் இரவும் பகலும் விழித்திருக்கிறார்கள். செவிலியர், நீர்மேலாண்மைப் பொறியாளர், நல்ல ஆசிரியர் என எந்த வேலையும் இந்தச் சங்கிலியில் சேரும். காணொளிகளை இரவு உணவுக்குப் பிறகு பார்க்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பம் வழியாக நல்லவாட்டுக்கு அவளைக் கூட்டிப்போய், அன்று ஓடியவர்களிடம் பேசவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. மூன்று நாளுக்கான குடிநீர், அவல், பொரி, பிஸ்கட், மருந்து, டார்ச் விளக்கு, முழுதாக ஏற்றிய பவர் பேங்க் ஆகியவற்றை ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பத்திரங்களை நெகிழி உறையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். அருகிலுள்ள பாதுகாப்பு மையத்துக்கு வெள்ளம் சூழாத வழி எது என்று பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்ற எண்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இன்னொரு வேலையை உங்கள் மகளிடமே ஒப்படையுங்கள். உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், போன் இல்லாதவர்கள் யார் யார் என்று அவள் விசாரித்து எழுதட்டும். எச்சரிக்கை வந்தால் எந்த வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, யார் கையைப் பிடித்து அழைத்து வருவது என்று பக்கத்தில் பெயர் போடட்டும். அந்தத் தாளைச் சமையலறைக் கதவின் உட்புறம், மின்சாரம் போன இருட்டிலும் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.