விண்வெளி நிலையம் பாதி வானத்தில் மறைவது ஏன்

சர்வதேச விண்வெளி நிலையம் பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். நிலையம் கடக்கும் நேரம் சொல்லும் கைபேசிச் செயலி 6 நிமிடம் தெரியும் என்று காட்டியும் கோத்தகிரியில் உச்சி தாண்டியதும் அணைந்துவிடுகிறது என்றீர்களே, உங்கள் கண்ணிலும் குறையில்லை, செயலியிலும் பெரிய தப்பில்லை.

நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் எதுவும் நமக்குத் தெரியாது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் இன்னும் வெயில் படுவதால்தான் மின்னுகிறது, மாலையில் மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக அந்த வெயிலும் முடிந்துவிடும். போன மாதம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பார்த்தபோது, சில்வர் ஓக் மர உச்சிக்கு மேல் வந்ததும் லேசாகச் செம்மஞ்சளாகி, சில விநாடிகளில் கரைந்துபோனது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிறம் மாறும் கணம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 2025 ஜூன், ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதற்குள்தான் இருந்தார்.

சோதிக்க ஒரு வழி: மறைந்த இடத்தில் நட்சத்திரங்கள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் நிழல், அவையும் இல்லையென்றால் மூடுபனி. அப்புறம் ஒருநாள் விடியலுக்கு முன்னும் பாருங்கள், அப்போது நடுவானில் திடீரென்று முளைக்கும்.

ஒன்று மட்டும், செயலி சொல்லும் நேரம் பெரும்பாலும் தொடுவானத்தை ஒட்டிய உயரத்திலிருந்தே கணக்கு. மலை மறைக்கும் நம் ஊரில் தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் நிலையம் ஏறும் நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்குக் குளிரில் நிற்க வேண்டாம்.